மார்கழிக் காலையில் மக்கர் செய்யும் டீசல் வண்டி! பாட்டரி மாற்றியும் தீரவில்லை, குற்றவாளி யார்?

மயிலாப்பூர். அதிகாலை மணி 3.45.

கபாலீசுவரர் கோவில் மாட வீதிகள் இன்னும் விழிக்கவில்லை. மார்கழி மாதம் ஆனதால் ஓரிரு வீடுகளில் மட்டும் வாசல் விளக்கு எரிகிறது. கோலப்பொடி டப்பாவுடன் ஒரு மாமி வெளியே வருகிறார்.

அப்போதுதான் கிளம்புகிறது அந்தச் சத்தம்.

"ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்..."

தெரு ஓரத்தில் ஒரு குட்டி யானை. டாட்டா ஏஸ் என்று கம்பெனி பெயர் வைத்தது. குட்டி யானை என்று நம் ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. டிரைவர் சாவியைத் திருப்பித் திருப்பிச் செல்ப் அடிக்கிறார். எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை. பின்பக்கக் குழாயில் இருந்து வெள்ளையாகப் புகை மட்டும் வருகிறது.

நாலரை மணிக்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். நல்ல காய் எல்லாம் முதலில் வந்தவனுக்குத்தான். பிந்திப் போனால் வாடலும் சொத்தையும்தான் மிச்சம். ஆறரை மணிக்குள் மாட வீதிக் கடைகளில் சரக்கு இறங்கவில்லை என்றால் கடைக்கார அண்ணாச்சி வாடகையில் கை வைப்பார். இரண்டு நாள் பிந்தினால் வேறு வண்டி பார்த்துக் கொள்வார்.

பால் பாக்கெட் போடும் பையன்கள் இருவர், டீக்கடைக்காரர், நான் என்று நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். வண்டி உருண்டது. டிரைவர் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கு. தெரு முழுக்கச் சாம்பிராணி போட்டது போல் புகை. வண்டி கிளம்பிவிட்டது!

"டெய்லி இதே ரோதனை சார். பாட்டரி புதுசு. போன மாசம்தான் போட்டேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே பறந்தார் டிரைவர்.

பகலில் சாது, விடிகாலையில் முரடு

அவரிடம் பிறகு பேசியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது.

பகலில் அந்த வண்டியால் தொல்லையே கிடையாது. சாவியைத் தொட்டால் போதும், கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்துவிட்டால் மட்டும் அடம். ஐப்பசி வரைக்கும் இரண்டு தடவை செல்ப் அடித்தால் எடுத்தது. கார்த்திகையில் நாலு தடவை ஆயிற்று. மார்கழி பிறந்ததும் தள்ளு வண்டி ஆகிவிட்டது.

முதலில் பாட்டரி மாற்றினார். சரியாகவில்லை. "செல்ப் மோட்டார் வீக்கு" என்றார் ஒருவர். அதைக் கழற்றிப் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டார். சரியாகவில்லை. "பம்பு நாசில் பார்க்கணும்" என்றார் இன்னொருவர். பம்பு என்றாலே பணம்தான். இரண்டு நாள் வண்டி ஓடவில்லை. ஆயிரக்கணக்கில் செலவு. அப்புறமும் காலையில் அதே "ர்ர்ர்ர்".

கடைசியில் மந்தைவெளிப் பக்கம் மரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். அவர் பானெட், பம்பு எதையும் முதலில் தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலையில் செல்ப் அடிக்கும்போது புகை வருதா, வரலியா?"

"வருது நைனா. வெள்ளையா வருது."

"அப்போ பம்பு மேல பழி போடாத. டீசல் போவுது. எரியலை. அதான் பச்சையா வெளிய வருது."

அழுக்குப் பையில் இருந்து ஒரு 12 வோல்ட் பல்பை எடுத்தார். இரண்டு ஒயர் தொங்கும் சாதாரண டெஸ்ட் லாம்ப். 5 நிமிஷம்தான். குற்றவாளி பிடிபட்டுவிட்டது. இரண்டு சிலிண்டருக்கு இரண்டு ஹீட்டர் பிளக். இரண்டும் செத்துப் போயிருந்தன!

இரண்டும் சேர்ந்து விலை சில நூறு ரூபாய்தான்.

அடுப்பு இல்லாமல் எரியும் எஞ்சின்

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் உண்டு. அது பொறி தட்டும். பெட்ரோல் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. பின் எப்படி எரிகிறது?

சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்று அடித்துவிட்டு அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் எஞ்சினின் மொத்த ரகசியமும் இதுதான். ருடால்ஃப் டீசல் என்ற எஞ்சினீயர் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சின் காற்றை 9 அல்லது 10-ல் ஒரு பங்காக அமுக்கும். பழைய ரக டீசல் எஞ்சின் 20-ல் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடும். காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

ஆனால் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது? அமுக்கிய சூட்டில் பாதியைச் சுற்றிலும் உள்ள இரும்பே குடித்துவிடும். அதிலும் பழைய ரக எஞ்சின்களில் டீசல் நேராக சிலிண்டரில் விழாது. ஹெட்டில் குடைந்த ஒரு சின்ன அறையில் போய் விழும். அந்த அறையின் சுவர் சூட்டை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

அதற்குத்தான் ஹீட்டர் பிளக். பென்சில் பருமனில் ஒரு கம்பி. அதன் முனை அந்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சாவியை முதல் கட்டம் திருப்பியதும் பாட்டரி கரண்ட் பாய்ந்து முனை பழுக்கக் காய்ச்சிய இரும்பு போல் சிவக்கும். சுமார் 900 டிகிரி சூடு. பீய்ச்சிய டீசல் அதன் பக்கத்தில் போனதும் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது. மீதி நாள் முழுக்க அது சும்மா இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட் பிளக் ஒன்றின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1 ஓம். அப்படியானால் 12 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். 144 வாட்ஸ். வீட்டில் ஓடும் சீலிங் ஃபேன் இரண்டு சேர்ந்து இழுக்கிற கரண்ட் இது! நாலு சிலிண்டர் வண்டி என்றால் எட்டு ஃபேன். பாட்டரி பலவீனமாக இருந்தால் பிளக்கும் சிவக்காது, செல்ப் மோட்டாரும் வேகமாகச் சுற்றாது. அதனால்தான் எல்லோரும் முதலில் பாட்டரி மேல் பழி போடுகிறார்கள். பாதி சமயம் அது நியாயம்தான். பாதி சமயம் அநியாயம்.

சென்னை வெயில் செய்யும் மோசடி

இந்த நோய் நம் ஊரில் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

காரணம் வெயில்தான். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவாயிற்று. குளிர் என்று பார்த்தால் 1905 ஜனவரியில் பதிவான 13.9 டிகிரிக்குக் கீழே இறங்கியதே இல்லை. மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரி இருந்தாலே நாம் மப்ளர் கட்டிக்கொள்கிற ஆட்கள்!

சித்திரையில் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின்கூட வெதுவெதுப்பாகவே இருக்கும். நாலு பிளக்கில் இரண்டு செத்திருந்தாலும் வண்டி எடுத்துவிடும். மூன்று செத்திருந்தாலும் கொஞ்சம் அதிகமாகச் செல்ப் அடித்தால் எடுத்துவிடும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. பங்குனியில் செத்த பிளக் மார்கழியில்தான் மணியடிக்கும்.

இல்லாவிட்டால் ஊட்டியில் மணியடிக்கும். மே மாத லீவில் தி.நகரிலும் அடையாறிலும் இருந்து டூரிஸ்ட் வண்டிகள் மலை ஏறுகின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே லேசு. லேசான காற்றை அமுக்கினால் சூடும் குறைவுதான். அதோடு ராத்திரிக் குளிர் வேறு. சென்னையில் சத்தம் போடாமல் ஓடிய வண்டி அங்கே லாட்ஜ் வாசலில் உட்கார்ந்துவிடும். சவாரிக்கு வந்த குடும்பம் ஸ்வெட்டரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

"சென்னைக்கு எதுக்கு ஹீட்டர்?" என்று கேட்கிற மெக்கானிக்குகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த வண்டிகளில் ஹீட்டர் ஒயரையே இணைக்காமல் விட்டவர்கள் பலர். கேட்டால் "நம்ம ஊரு வெயிலே ஹீட்டர்தானே" என்பார்கள். சிரிப்பாக இருக்கும். தை மாதத்தில் சிரிப்பு வராது.

அம்பாசிடர் நாட்களில்...

இந்தியாவில் முதல் டீசல் கார் அம்பாசிடர்தான். 1980-ல் 1,489 சி.சி. எஞ்சினோடு வந்தது. சக்தி என்னவோ 37 குதிரைதான். ஆனாலும் டாக்சி ஸ்டாண்டுகளில் ஏக மரியாதை. டீசல் விலை அப்படி! 2014-ல் உத்தர்பாராவில் தயாரிப்பு நின்றது.

அந்தக் காலத்து டிரைவர்கள் சாவியை ஒரு கட்டம் திருப்பிவிட்டு மனசுக்குள் எண்ணுவார்கள். 20 எண்ணுவார் ஒருவர். முருகா, முருகா என்று 20 முறை சொல்வார் இன்னொருவர். பிறகுதான் செல்ப். பழைய பிளக்குகள் சூடேற அவ்வளவு நேரம் ஆகும்.

அதற்கும் முந்திய லாரி டிரைவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் தயாரான டாட்டா மெர்சிடஸ் லாரிகளின் பிளக்குகள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் இணைத்தவை. கோவில் திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்கு தெரியும் அல்லவா? ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் இருட்டு. அதே கதைதான். ஒரு பிளக் போனால் எல்லாம் அவுட். ஆனால் ஒரு சௌகரியம். அதே கரண்ட் ஓடும் சின்னக் கம்பி ஒன்று டிரைவர் முன்னால் உள்ள போர்டில் இருக்கும். அது சிவந்தால் உள்ளே பிளக்கும் சிவக்கிறது என்று பொருள். இருட்டாக இருந்தால் எங்கோ சரம் அறுந்துவிட்டது.

பின்னால் வந்த வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். முன்னேற்றம்தான். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிட்டது.

இங்கே பலரும் ஏமாறும் ஒரு விஷயம். போர்டில் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறது. "லைட்டு எரியுது, அப்போ பிளக் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். தவறு! பழைய ரக வண்டிகளில் அந்த விளக்கை அணைப்பது நேரம் பார்க்கும் ஒரு டைமர். பிளக் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நாலும் செத்திருந்தாலும் விளக்கு வழக்கம்போல எரிந்து வழக்கம்போல அணையும்.

அதே காலத்து நம் சிட்டி பஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணூர் லேலண்டு எஞ்சின்களில் டீசல் நேராக சிலிண்டரிலேயே விழும். அதனால் ஹீட்டர் பிளக் இல்லாமலே மந்தைவெளி, அடையாறு, தி.நகர் டெப்போக்களில் விடியற்காலையில் உறுமிக் கிளம்பிவிடும். அவைகளைப் பார்த்துத்தான் "டீசலுக்கு ஹீட்டர் வேண்டாம்" என்ற பேச்சு வந்ததோ என்னவோ!

புகையைப் பார், காதால் கேள்

இனி நம் மந்தைவெளி மெக்கானிக் சொன்ன முறைக்கு வருவோம். அவர் கையில் கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் காதும் ஒரு பல்பும்தான்.

செல்ப் அடிக்கும்போது புகையே வரவில்லையா? சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. ஏர் லாக், அடைத்த பில்டர், பம்பில் டீசலைத் திறந்துவிடும் சாலினாய்டு இவற்றைப் பார்க்க வேண்டும். ஹீட்டர் பிளக்கை எத்தனை மாற்றினாலும் பயன் இல்லை.

வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக் அல்லது கம்ப்ரஷன்.

எடுத்த பிறகு எப்படி ஓடுகிறது என்று கேட்க வேண்டும். ஒரு பிளக் மட்டும் போயிருந்தால் வண்டி எடுத்துவிடும். ஆனால் ஒரு நிமிஷம் நொண்டும். நாலு காலில் ஒன்று ஊனமான மாடு போல "டக டக டக்... டக டக டக்" என்று குலுங்கும். புகை விடும். பிறகு சூடேறி தானாகச் சமம் ஆகிவிடும். குட்டி யானைக்கு இரண்டே சிலிண்டர். ஒரு பிளக் போனால் பாதி பலம் போச்சு.

சூடான எஞ்சினே எடுக்க மறுக்கிறதா? கும்பிட்டு விடுங்கள், அது ஹீட்டர் பிளக் வேலை அல்ல. பம்பு, செல்ப், அல்லது எஞ்சினே தேய்ந்துபோனது.

பல்பு சொல்லும் சாட்சி

இப்போது பல்பு. பிளக்குகளின் தலையில் ஒரு பட்டையோ ஒயரோ எல்லாவற்றையும் இணைத்துக்கொண்டு போகும். அதை முதலில் கழற்றிவிட வேண்டும். இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கழற்றாமல் சோதித்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்று கெட்ட பிளக்கையும் காப்பாற்றிப் பொய்ச் சாட்சி சொல்லும்.

கழற்றியாயிற்றா? டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ்சில் மாட்டுங்கள். மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் பிளக் அவுட். இவ்வளவுதான்.

பல்புக்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளே ஷார்ட் ஆன பிளக்கிலும் அது எரியும். பாதி உயிர் போன பிளக்கிலும் எரியும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். மலிவு மீட்டர் என்றால் அதன் ஒயரே அரை ஓம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் 1 ஓம் பக்கத்தில் வந்தால் நல்ல பிளக். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்தது. நாலில் மூன்று ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் விலகி நின்றால் அதன் மேல் ஒரு கண் வையுங்கள்.

பிளக் எல்லாம் நல்லது என்று வந்தால்? அடுத்தது கரண்ட் வருகிறதா என்பது. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பட்டைக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லாம்பை எர்த்தோடு வைத்துப் பாருங்கள். எரியவில்லை என்றால் பிளக் நிரபராதி. பியூஸ், ரிலே, இரண்டில் ஒன்றுதான் திருடன். பியூஸ் ஒன்று போனதற்கு நாலு பிளக்கையும் மாற்றிக் கொடுத்த கதைகள் ஏராளம். பழைய பிளக்கைத் திருப்பிக் கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அதிலும் ஒரு விஷயம் தெரிந்துவிடும்!

செத்த பிளக் பேசும்

நம் டிரைவரின் வண்டிக்கு வருவோம். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் ஏன் செத்தன?

ஒன்று மட்டும் போனால் வயசாகி விட்டது என்று விட்டுவிடலாம். எல்லாம் சேர்ந்து போனால் சந்தேகப்பட வேண்டும். மெக்கானிக் ரிலேவைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது வண்டி ஓடும் நேரம் முழுக்க பிளக்கில் கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சில வினாடிகள் சிவக்க வேண்டியது நாள் முழுக்கச் சிவந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. பாட்டரி அடிக்கடி டவுன் ஆனதற்கும் அதுவே காரணம்.

"பிளக்கை மட்டும் மாத்தி அனுப்பிருந்தா பத்து நாள்ல திரும்ப வந்திருப்பே கண்ணு" என்றார் அவர்.

கழற்றிய பிளக்கின் முனையைப் பார்த்தே கதை சொல்வார்கள் அனுபவசாலிகள். முனை உருகிக் கரைந்திருந்தால் அந்த சிலிண்டரின் நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகுகிறது, அல்லது பம்பு டைமிங் முந்தி வைத்திருக்கிறது. அந்த நாசிலைப் பார்க்காமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் போகும். முனை உப்பி வெடித்திருந்தால் அதிக வோல்டேஜ் அல்லது அதிக நேரம் கரண்ட். சும்மா கரி மட்டும் பிடித்திருந்தால் கவலை இல்லை.

கழற்றுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வருஷக்கணக்கில் ஹெட்டில் இறுகிப்போன பிளக்கை முறுக்கிப் பிடுங்கினால் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ஆகிவிடும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கழற்ற வேண்டும். அவசரம் ஆகாது. அலுமினிய ஹெட் என்றால் திரும்பப் போடும்போதும் பலம் காட்டக் கூடாது.

தீயோடு விளையாட்டு!

வண்டி எடுக்காத அவசரத்தில் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். துணியில் பெட்ரோலை நனைத்து ஏர் கிளீனர் வாயில் காட்டுகிறார்கள். அல்லது ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை அடிக்கிறார்கள். வண்டி சட்டென்று பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரி இருக்கும்.

உள்ளே ஒரு நல்ல பிளக் 900 டிகிரியில் சிவந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பிஸ்டன் மேலே வரும் முன்னே ஈதர் வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம், தீ வெளியே சீறி முகத்தில் அடிக்கலாம். ஹீட்டர் உள்ள வண்டியில் ஸ்பிரே அடிக்காதே என்று அந்த டப்பாக்களிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

புது வண்டிக்காரர்கள் கவனிக்க

இண்டிகா, சுமோ, பழைய குட்டி யானை வரைக்கும் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். சி.ஆர்.டி.ஐ. எனப்படும் புது ரக எஞ்சின் என்றால் கொஞ்சம் வேறு. டீசல் மிக அதிக அழுத்தத்தில் மூடுபனி போல் தூவப்படுகிறது. சென்னைக் குளிரில் ஹீட்டர் இல்லாமலே பெரும்பாலும் எடுத்துவிடும். பிளக் போனதை செக் எஞ்சின் விளக்குதான் சொல்லும்.

ஸ்கேனர் மாட்டினால் நம்பர் வரும். பி 0671 என்றால் முதல் சிலிண்டர், பி 0672 என்றால் இரண்டாவது, இப்படிப் போகும். பி 0670 என்றால் பிளக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பார்க்க வேண்டும். நம்பர் வந்த உடனே பிளக் வாங்க ஓடக் கூடாது. ஒயர் கனெக்டர் பச்சை பூத்திருந்தாலும் அதே நம்பர்தான் வரும். கடலோரக் காற்று அடிக்கும் பெசன்ட் நகர், அடையாறு பக்கத்து வண்டிகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய பிளக்கைக் கழற்றி நேராகப் பாட்டரியில் தொட்டு, முனை சிவக்கிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகள் வழக்கம். நல்ல பிளக் நுனியில்தான் முதலில் சிவக்கும். ஆனால் புது ரகத்தில் பல பிளக்குகள் 12 வோல்ட் அல்ல. 7 வோல்ட், 5 வோல்ட், 4.4 வோல்ட் என்று உண்டு. அவைகளை 12 வோல்டில் தொட்டால் கண் எதிரே எரிந்து போகும். நல்ல பிளக்கைச் சோதித்தே கொன்ற பெருமை நமக்குக் கிடைக்கும்! பிளக்கின் உடம்பில் எழுதியிருக்கும் வோல்டைப் படித்துவிட்டுத் தொட வேண்டும். செராமிக் முனை உள்ளதைக் கீழே போட்டாலே போயிற்று.

"எடுக்குதே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடவும் கூடாது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்கப்படுகின்றன. டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் பில்டர் உண்டு. அந்தக் கரியை வண்டி அவ்வப்போது தானாக எரித்துக்கொள்ளும். சில கார்களில் ஹீட்டர் பிளக் கோளாறு இருந்தால் அந்த எரிப்பு வேலையை கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். பில்டர் அடைத்துக்கொண்டால் வரும் பில்லைப் பார்த்தால் நமக்கும் மூச்சு அடைத்துவிடும்.

ஸ்பேர் வாங்க புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று போகிறவர்கள் பழைய பிளக்கையே கையோடு கொண்டு போவது உத்தமம். ஒரே மாதிரி தோன்றும். நீளம் 2 மில்லிமீட்டர் கூடினால்கூட ஆபத்து. வோல்டும் மரையும் நீளமும் மூன்றும் பொருந்த வேண்டும்.

வெள்ளத்தில் உதவிய துளை

ஹீட்டர் பிளக் வேறு ஒரு வேலைக்கும் உதவியதை 2015 டிசம்பரில் நம் ஊர் பார்த்தது. அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கிய நாட்கள். 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழையிலும் கார்கள் படகாக மிதந்தன.

தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் செல்ப் அடித்துப் பார்த்தது. அதுதான் கூடாது! சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். அந்தத் துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் நின்ற பிறகுதான் மற்ற வேலை.

நனைந்த வண்டிகளில் ரிலேயும் கனெக்டரும் உடனே போகாது. பாசி பிடித்த மாதிரி பச்சை பூத்து, மாதங்கள் கழித்துக் காலை வாரும். மழைக்காலத்தில் நனைந்த வண்டி மார்கழியில் மக்கர் செய்தால் அங்கே ஒரு கண் வைக்கலாம்.

அலாரம் போச்சு!

குட்டி யானைக்கு இரண்டு புதுப் பிளக்கும் ஒரு ரிலேயும் போட்டார்கள். கூலியோடு சேர்த்தும் அந்தப் புதுப் பாட்டரி விலையில் பாதிகூட ஆகவில்லை. டிரைவர் அந்த மாதிரி ஒரு பல்பை ஒயரோடு வாங்கி, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மறுநாள் விடியற்காலை 3.45-க்கு நான் காது கொடுத்துக் காத்திருந்தேன். சாவி திரும்பிய சத்தம். கொஞ்சம் நிசப்தம். "ர்ர்" என்று ஒரே தடவை. கிளம்பிவிட்டது வண்டி.

எதிர் வீட்டு மாமி அன்று கோலம் போட ஆறு மணிக்குத்தான் வெளியே வந்தார். "என்னமோ தெரியலை, இன்னைக்கு நன்னா தூங்கிட்டேன். அந்த வண்டிக்காரன் ஊர்ல இல்லையா?" என்று கேட்டார்.